வலைப்பூ, ஒலி, படம், காணொளி: செய்தி சொல்ல வீட்டிலிருந்தே கற்க எங்கே தொடங்குவது?

உப்புக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர், பி.காம் கடைசி வருஷம் படிக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் உப்பளத்துக்குப் போகிறவர்கள். அம்மாவும் பதினெட்டு வருஷம் போனார், முட்டி வலி வந்த பிறகுதான் நிறுத்தினார்.

உப்பளத்தைப் பற்றி யூடியூபில் என் கண்ணில் படுகிற வீடியோக்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. மேலே டிரோன் பறக்கும், வெள்ளை வெளேரென்று குவியல், சோகமான இசை, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அங்கே வேலை செய்கிற ஒருத்தர் வாய் திறந்து பேசிப் பார்த்ததில்லை. அதை நான் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருக்கிறது.

போன வருஷம் ஆறு வார ஆன்லைன் வகுப்பு ஒன்றில் 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். மூன்று வாரம் எந்த கேமரா வாங்கலாம், எந்த மைக் வாங்கலாம் என்றே போனது. மீதி மூன்று வாரம் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையை ஏற்றுவது எப்படி என்று. நான் அனுப்பிய இரண்டு பயிற்சிக்கும் "அருமை, தொடருங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எது நன்றாக இருக்கிறது, எது சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. அது அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம், அதனால் இன்னும் மனசு ஆறவில்லை.

என்னிடம் இருப்பது மூன்று வருஷப் பழைய ஆண்ட்ராய்டு ஃபோன், ஒரு இயர்ஃபோன். கணினி கிடையாது, கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் கிடைக்கும். வலைப்பூவில் தொடங்கலாமா, நேராக வீடியோவா? முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? காசு கட்டாமல் ஒழுங்காகச் சொல்லித் தருகிற இடம் ஏதாவது உண்டா?

பழையபதிவர் எழுதியது:

வாம்மா. நான் 2004 கடைசியில் எழுத ஆரம்பித்தவன். அப்போது இ-கலப்பை என்ற மென்பொருள் போட்டுத் தமிழ் தட்டச்சு செய்வதே ஒரு பாடம். தமிழ் வலைப்பூக்களில் வருகிற புது இடுகைகளை ஒரே இடத்தில் காட்டுகிற தமிழ்மணம் திரட்டியைக் காசி ஆறுமுகம் தொடங்கிய வருஷமும் அதுதான். ராத்திரி ஒரு இடுகை போட்டால் காலையில் பின்னூட்டத்தில் நாலு பேர் ஒற்றுப்பிழை திருத்தியிருப்பார்கள், ஒருத்தர் "இந்தத் தகவல் எங்கே கிடைத்தது?" என்று கேட்டிருப்பார். எனக்கு இதழியல் பள்ளிக்கூடம் அந்தப் பின்னூட்டப் பெட்டிதான். உன் வகுப்பில் உனக்குக் கிடைக்காமல் போனதும் அதுதான் என்று நினைக்கிறேன். உன் வேலையை ஒருத்தர் உட்கார்ந்து பார்த்து, இந்த இடம் சரியில்லை என்று சொல்லவேண்டும்.

என் பதில், வலைப்பூவில் தொடங்கு. அதில் எழுத்து, படம், ஒலி, வீடியோ, வரைபடம் எல்லாம் ஒரே பக்கத்தில் உட்காரும். பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் காசில்லாமல் தொடங்கலாம், ஃபோனிலேயே செய்யலாம். எதை எடுப்பது என்று ஒரு வாரம் யோசிக்காதே, எதுவாக இருந்தாலும் சரி.

ஆனால் சில பழக்கங்கள் முதல் இடுகையிலிருந்தே வரவேண்டும். ஒரு எண்ணைச் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று அந்த இடத்திலேயே இணைப்புக் கொடு. தப்பு வந்துவிட்டால் சத்தமில்லாமல் மாற்றாதே, "இன்ன தேதியில் திருத்தப்பட்டது, முதலில் இப்படி இருந்தது" என்று கீழே எழுது. படம் போட்டால் கண் தெரியாதவர்களின் திரைவாசிப்பானுக்காக அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி சேர், அதற்குத் தனிப் பெட்டியே இருக்கிறது. தலைப்பில் ஊர்ப் பெயர் வரட்டும், தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும்.

அப்புறம் மாதம் ஒருமுறை நகல் எடுத்து வை. நான் முதல் ஒன்றரை வருஷம் எழுதியது ஒரு இலவசத் தளத்தில் இருந்தது, அதை மூடிவிட்டார்கள், என்னிடம் ஒரு வரிகூட இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலிருந்து வந்த இரண்டு பேரோடு பேசி எழுதியதும் அதில்தான் போனது. அந்த வாரம் பல ஊர் வலைப்பதிவர்கள் சேர்ந்து காணாமல் போனவர்கள், உதவி எண்கள், தேவைப்படும் பொருட்கள் என்று ஒரே வலைப்பூவில் திரட்டினார்கள். வலைப்பூ என்றால் நாட்குறிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இது செய்தி வேலையும் செய்யும் என்று காட்டியது அந்த வாரம்.

வானொலிக்காது எழுதியது:

வலைப்பூ சரி. ஆனால் வீடியோவுக்கு முன்னால் ஒலியைக் கற்றுக்கொள், தங்கச்சி. படம் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக்கொண்டு பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் பத்து விநாடிகூட நிற்க மாட்டார்கள். நான் பன்னிரண்டு வருஷமாகச் சமுதாய வானொலியில் இருக்கிறேன், இதை உறுதியாகச் சொல்வேன்.

ஃபோனை விமானப் பயன்முறையில் போடு, இல்லையென்றால் நல்ல வாக்கியத்தின் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். மைக் ஃபோனின் அடிப்பக்கத்தில் இருக்கும், அதை விரலால் மூடிவிடாதே. பத்து விநாடி பதிந்து, இயர்ஃபோன் செருகிக் கேட்டுப் பார்த்த பிறகுதான் பேட்டியைத் தொடங்கவேண்டும். முதல் கேள்வி எப்போதும் "உங்கள் பெயர், ஊர், என்ன வேலை, எத்தனை வருஷமாக?" ஒலி அளவும் சரிபார்த்தாயிற்று, பெயரைச் சரியாக எழுதவும் சான்று கிடைத்தாயிற்று.

அவர் பேசும்போது "ம்... ம்..." என்று சொல்லாதே, தலையை மட்டும் ஆட்டு. அவர் நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குப் பாயாதே. மூன்று விநாடி சும்மா இரு. நல்ல விஷயம் அந்த மூன்று விநாடிக்குப் பிறகுதான் வரும், நிறைய தடவை பார்த்திருக்கிறேன். கடைசியில் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் அரை நிமிஷம் பதிந்துகொள். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது இல்லாமல் முடியாது. வெட்டுவதற்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும், இலவசம், கல்லூரிக் கணினியில் போட்டுத் தரச் சொல்.

சத்தீஸ்கரில் 2010-ல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா பற்றித் தேடிப் படி. காட்டுக் கிராமங்களில் இருக்கிறவர்கள் சாதாரண ஃபோனில் ஒரு எண்ணுக்குக் கூப்பிட்டுத் தங்கள் ஊர்ச் செய்தியைத் தங்கள் மொழியில் பதிவார்கள், சரிபார்த்த பிறகு மற்றவர்கள் அதே எண்ணில் கேட்கலாம். திரையே கிடையாது, குரல் மட்டும்தான்.

படப்பெட்டி எழுதியது:

ஒலிக்காரர் ஒலி என்கிறார், நான் படம் என்பேன், அது இருக்கட்டும். வீடியோ எடுக்கத் தொடங்குகிறவர்கள் செய்கிற ஒரே தவறு ஃபோனை ஆட்டிக்கொண்டே இருப்பது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், நடுவில் ஜூம். வெட்டவே முடியாது.

மைக்கேல் ரோசன்ப்ளம் என்ற பயிற்சியாளர் பரப்பிய ஐந்து காட்சி முறை ஒன்று உண்டு. ஒரு வேலையைப் படம் பிடிக்கும்போது முதலில் கை, மிக அருகில். பிறகு அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் முகம், அதுவும் அருகில். பிறகு தள்ளி நின்று ஆளும் இடமும். பிறகு அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பது. கடைசியாக நீயே யோசித்து ஒன்று. ஒவ்வொன்றையும் பத்து விநாடி அசையாமல் பிடி, மனசுக்குள் எண்ணு. கை என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்பவனுக்கு "யார் இது?" என்று தோன்றும், முகம் வரும். "எங்கே?" என்று தோன்றும், இடம் வரும். கேள்வி எழுகிற வரிசையில் பதிலும் வருவதால்தான் அந்த முறை வேலை செய்கிறது. வீட்டில் அம்மா தோசை சுடும்போது எடுத்துப் பழகு. ஒரு தோசைக்கு ஐந்து காட்சி.

ஃபோனைப் படுக்கை வாட்டில் பிடி.

யாழ்வாடை எழுதியது:

கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே யாழ்ப்பாணத்தில் எங்கட பெடியளுக்கு நாங்கள் பயிற்சி குடுக்கும்போது பார்க்கிறது, சனம் முழுக்கக் கைபேசியை நிமிர்த்திப் பிடிச்சுத்தான் பார்க்குது. நிமிர்ந்த சட்டத்தில் ஒரு ஆளின் முகம் நன்றாக நிறையும். எங்கே போடப் போகிறோம் என்று முதலில் தீர்மானித்துவிட்டுப் பிடிக்கவேண்டும்.

படப்பெட்டி எழுதியது:

முகத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உப்பளம் என்பது தரையோடு தரையாகப் பரந்து கிடக்கிற இடம், அதை நிமிர்த்திப் பிடித்தால் பாதிக்கு மேல் வானம்தான் வரும். வலைப்பூவில் போட என்றால் படுக்கை வாட்டு.

உப்புக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று போய்ப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு அத்தையோடு விடிகாலை நாலு மணிக்குப் போனேன், வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும் என்பதால் இருட்டிலேயே தொடங்கிவிடுவார்கள்.

பதினொரு நிமிஷம் பதிந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் காற்று மட்டும்தான். பொதபொதவென்று துணியை உதறுகிற மாதிரி ஒரே இரைச்சல், அத்தை பேசியதில் பத்துக்கு இரண்டு வார்த்தைதான் தெரிகிறது. அழுகையே வந்துவிட்டது. ஆனால் நடுவில் ஒரு இடத்தில் காற்று நின்றிருக்கிறது, ஏழெட்டு விநாடி. நீளக் கம்பில் பலகை மாட்டி பாத்தியிலிருந்து உப்பை வாருவார்கள் இல்லையா, அந்தச் சத்தம் மட்டும் தனியாக விழுந்திருக்கிறது. சரக்... என்று கண்ணாடித்தூளை இழுக்கிற மாதிரி, உடனே தண்ணீர் திரும்ப வந்து மூடுகிற சத்தம். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம்தான் இருக்கிறேன், இதை நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. அம்மாவிடம் இயர்ஃபோனைக் கொடுத்தேன். இரண்டு தடவை கேட்டுவிட்டு, "ஈரம் ஜாஸ்தி, இன்னும் ஒரு நாள் விட்டிருக்கணும்" என்றார். சத்தத்தை வைத்தே சொல்கிறார்!

இப்போது என் குழப்பம் இதுதான். சத்தம் இருக்கிறது, படம் எடுக்கலாம், அத்தை சொன்னதை எழுதலாம். எல்லாவற்றையும் எப்படி ஒன்றாக வைப்பது? அத்தை பேசுவதைப் போட்டுவிட்டு, அதையே கீழே எழுத்திலும் கொடுத்து, மேலே வீடியோவும் வைக்கவேண்டுமா?

நகல்மேசை எழுதியது:

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நான் ஒரு நாளிதழின் இணையப் பிரிவில் உதவி ஆசிரியராக இருந்தவள்.

பல்லூடகம் என்றால் ஒரே விஷயத்தை நாலு வடிவத்தில் திரும்பத் திரும்பச் சொல்வது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லிக்கொடுத்த ஜேன் ஸ்டீவன்ஸ் எழுதிய விளக்கம் எனக்கு இருபது வருஷம் கழித்தும் உதவுகிறது. எழுத்து, படம், ஒலி, வீடியோ, வரைபடம் ஆகியவை ஒன்றையொன்று நிறைவு செய்யவேண்டும், ஒன்று சொன்னதை இன்னொன்று திரும்பச் சொல்லக்கூடாது என்பதுதான் அதன் சாரம். மற்ற எல்லாம், எந்தச் செயலி, எந்த மைக், எந்தத் தளம் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உன் கதையையே எடுத்துக்கொள்வோம். ஒரு தாளில் அதன் துண்டுகளை எழுது, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதை எது நன்றாகச் சொல்லும்?" என்று கேள். வாருகிற சத்தத்தை நான் எவ்வளவு எழுதினாலும் வாசகருக்குக் கேட்காது. அது ஒலி. சரி, கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், வருஷத்தில் எத்தனை மாதம் வேலை என்பதை ஒலியில் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது, அது எழுத்து. குஜராத்துக்கு அடுத்தபடி அதிக உப்பு எடுக்கிற மாநிலம் தமிழ்நாடு, அதில் தூத்துக்குடிதான் பெரிய பங்கு, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்தி கரைந்து வேலை நின்றுவிடும், அந்த மழை மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது, அது எல்லாருக்கும் கிடைக்கிறதா என்ற கேள்வி, இதெல்லாம் எழுத்து. தெருவில் பத்து வீட்டில் கேட்டு நீயே எழுது, அதை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அத்தையின் பாதம், உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த குதிகால் இருக்கும் இல்லையா, அது அசையாத புகைப்படம். வாசகர் எவ்வளவு நேரம் பார்க்க வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்க்கட்டும். தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போய்க் கெட்டியாகி உப்பாவது எப்படி என்பதை வீடியோவில் காட்டினால் புரியாது, ஒரு தாளில் பேனாவால் வரைந்து படம் எடுத்துப் போடு. வீடியோ எதற்கு என்றால் அசைவு முக்கியமாக இருக்கிற இடத்துக்கு மட்டும், தலையில் சுமையை ஏற்றிக்கொண்டு வழுக்குகிற வரப்பில் நடப்பதற்கு. நாற்பது விநாடி போதும்.

உன் அம்மா ஈரத்தைச் சத்தத்திலேயே கண்டுபிடித்தார் என்று எழுதினாயே, உன் கதையின் முதல் பத்தி அதுதான். உடனே கீழே ஒலித்துண்டு. எந்த வகுப்பிலும் அதைச் சொல்லித் தரமாட்டார்கள்.

பேட்டி முழுவதையும் எழுத்தில் திரும்ப எழுதவேண்டாம். ஆனால் ஒலிக்குக் கீழே அவர் பேசியதன் எழுத்து வடிவத்தைச் சிறிய எழுத்தில் வை, காது கேளாதவர்களுக்கு. அதற்கு மட்டும் மேலே சொன்ன விதி பொருந்தாது.

பழையபதிவர் எழுதியது:

நகல்மேசை அம்மா, இதைத் தனி இடுகையாகப் போடுங்கள்.

திரைகடல் எழுதியது:

இலவச வகுப்பு கேட்டாயே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இதழியல் பயிற்சி தருகிற நைட் மையம் என்று ஒன்று இருக்கிறது. 2002-ல் ரோசென்டல் ஆல்வெஸ் தொடங்கியது, 2012 முதல் யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பெரிய இணைய வகுப்புகள் நடத்துகிறார்கள். முடிந்துபோன வகுப்புகளின் பாடங்களும் காணொளிகளும் தளத்தில் திறந்தே இருக்கும். தரவு, ஒலி, கைபேசி இதழியல் எல்லாம் உண்டு. அமெரிக்காவின் பாயின்டர் என்ற இதழியல் பயிற்சி நிறுவனமும் 2005-லிருந்து இணையத்தில் பாடம் நடத்துகிறது, சில இலவசம், சில கட்டணம்.

சிக்கல், எல்லாம் ஆங்கிலம். நான் ஆங்கிலத்தில் தடுமாறுகிறவன், அதனால் ஒரு பாடத்தை முழுசாகப் பார்க்காமல் ஐந்து நிமிஷம் பார்த்து, நிறுத்தி, தமிழில் நாலு வரி எழுதி, அன்றைக்கே அதைச் செய்து பார்ப்பேன். ஒரு வகுப்புக்கு மூன்று மாதம் ஆனது, ஆனால் மறக்கவில்லை.

தமிழில் படிக்க வேண்டும் என்றால் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய பாரி, ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக்காப்பகம். பல கட்டுரைகள் தமிழிலும் இருக்கின்றன, தூத்துக்குடி உப்பளப் பெண்களைப் பற்றியும் இருக்கிறது. அதில் ஒரு கட்டுரையை எடுத்து, புகைப்படங்களை மட்டும் முதலில் பார், பிறகு படக்குறிப்பை மட்டும் படி, பிறகு எழுத்தைப் படி. எது எதைச் சொல்கிறது என்று பிடிபடும். 2002-ல் உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடத்தில் கிராமத்துப் பெண்கள் தொடங்கிய கபர் லஹரியாவையும் பார். அச்சுப் பத்திரிகையாக இருந்து ஃபோனில் வீடியோ எடுத்துப் போடுகிற செய்தி நிறுவனமாக மாறினார்கள். அவர்களில் பலர் ஃபோனையே வேலைக்கு வந்த பிறகுதான் கையில் எடுத்தார்கள்.

யாழ்வாடை எழுதியது:

நான் இதைச் சொல்லாமல் போகேலாது. தங்கச்சி, அந்த அத்தை நாளைக்கும் அதே முதலாளியிடம் வேலைக்குப் போகவேண்டும். இலங்கையில் நாங்கள் இதைக் கடுமையாகப் படித்தவர்கள். கிரவுண்ட்வியூஸ் என்ற மக்கள் இதழியல் தளம் 2006-ல் தொடங்கினபோதும், பிறகு தமிழில் 'மாற்றம்' தளம் வந்தபோதும், எழுதினவர்களில் எத்தனையோ பேர் பெயர் போடாமல்தான் எழுதினார்கள். பெயரை மறைத்தால் செய்தி பலவீனமாகிவிடும் என்று நினைக்காதே.

அவவிடம் போய் "வீடியோ எடுக்கலாமா?" என்று கேட்டால் "எடும்மா" என்றுதான் சொல்லுவா. அது சம்மதம் இல்லை. இது இணையத்தில் வரும், உங்கள் மேற்பார்வையாளர் பார்க்கக்கூடும், முதலாளி பார்க்கக்கூடும், நான் அழித்தாலும் வேறு யாராவது எடுத்து வைத்திருக்கக்கூடும் என்று சொல்லிவிட்டுக் கேட்கவேண்டும். முகம் வேண்டாம் என்றால் கையும் காலும் குரலும் போதும். குரலும் வேண்டாம் என்றால் பலகைச் சத்தம் இருக்கிறது.

சட்டமாணவி எழுதியது:

இந்தியச் சட்டம் பற்றி இரண்டு விஷயம். பாலியல் குற்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் குழந்தையின் பெயர், முகம், பள்ளி, வீடு எதையும் வெளியிடக் கூடாது, 2012 போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு. வலைப்பூ எழுதுகிறவருக்கும் பொருந்தும். அவதூறு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது, 2024 ஜூலை 1 முதல் அமலில். அதனால் "கூலி ஒழுங்காகத் தருவதில்லை" என்று ஒரு உப்பளத்தின் பெயரோடு எழுதப் போனால், கூலிச் சீட்டைக் கண்ணால் பார், உரிமையாளரிடமும் கேள், அவர் சொன்ன பதிலையும் போடு, பதில் சொல்லவில்லை என்றால் எந்தத் தேதியில் கேட்டாய் என்று எழுது. பயந்துவிடாதே, ஆதாரத்தோடு எழுதினால் உனக்குத்தான் பலம்.

பின்னணி இசை வேண்டும் என்றால் சினிமாப் பாட்டைப் போடாதே. மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே அனுமதி தருகிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பதை எடுத்து, யாருடையது என்று பெயர் போடு.

வானொலிக்காது எழுதியது:

இசையே வேண்டாம். காற்று போதும்.

உப்புக்காற்று எழுதியது:

நாலு நாளாக இங்கே வரவில்லை, வேலையாக இருந்தேன். நகல்மேசை அக்கா சொன்ன மாதிரி தாளில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். தெருவில் பத்து வீட்டில் கேட்டேன். மழைக்கால நிவாரணம் ஏழு வீட்டுக்கு வந்திருக்கிறது, மூன்று வீட்டுக்கு வரவில்லை. அந்த மூன்றிலும் நலவாரிய அட்டையைப் புதுப்பிக்கவில்லை என்கிறார்கள், அதை அலுவலகத்தில் போய்க் கேட்கவேண்டும், இன்னும் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

யாழ்வாடை அக்கா சொன்னதை அப்படியே அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வானொலிக்காது அண்ணா சொன்ன மாதிரி நானும் சும்மா இருந்தேன். பிறகு, "முகம் வேண்டாம். காலைப் போடு. காலைப் பார்த்தா எந்த முதலாளிக்கும் யாருன்னு தெரியாது, எங்க எல்லாருக்கும் ஒரே காலுதான்" என்றார். அந்த வாக்கியத்தை எழுத அனுமதி வாங்கிவிட்டேன்.

முதல் வரைவை எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "உப்புக் குவியல்" என்று எழுதியிருந்தேன். அம்மா நிறுத்தி, "குவியல்னு யார் சொல்லுவா? அம்பாரம்னு எழுது" என்றார். நாலு இடத்தில் மாற்றினேன். வீடியோ முப்பத்தெட்டு விநாடி இருக்கிறது. ஒலிதான் இன்னும் இல்லை, அந்த ஏழு விநாடியை வைத்து ஒப்பேற்ற மனசு வரவில்லை. நாளைக் காலை மூன்றரைக்கு மறுபடியும் போகிறேன். காற்றுக்கு என்ன செய்வது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். மைக்கில் மாட்டுகிற பஞ்சு மூடியெல்லாம் இங்கே கடையில் கிடைக்கவில்லை.

வானொலிக்காது எழுதியது:

பருத்திக் காலுறை ஒன்று எடுத்துக்கொள், மெல்லியதாக இருக்கட்டும், துவைத்துக் காய்ந்தது. ஃபோனின் அடிப்பக்கத்தை அதற்குள் விடு. காற்று வருகிற பக்கம் உன் முதுகு, உனக்கும் பலகைக்கும் நடுவில் ஃபோன், நெஞ்சோடு ஒட்டாமல் குனிந்து பிடி. பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டால் இன்னும் நல்லது, தரை மட்டத்தில் காற்று குறைவு. அத்தை வாருவதற்கு முன்னாலேயே பதிவைத் தொடங்கிவிடு, ஐந்து நிமிஷம் நிறுத்தாதே. முடித்ததும் அங்கேயே கேட்டுப் பார்த்துவிட்டு வா.

இரண்டு காலுறை கொண்டு போ, ஒன்று நனைந்துவிடும்.